பத்தாம் அத்தியாயத்தில் நின்றவர்

ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் இன்னொருவர் காசைத் திருப்பிக் கேட்பதும் உலகத்தில் புதிதல்ல. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில், அதுவும் கடைசிப் பக்கத்தில், கோடு போட்டது போல இரண்டாகப் பிரிந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். பெரியவள் யோசித்தாள். யோசிக்க அவளுக்கு உரிமையும் இருந்தது. அவளும் அவள் தங்கையும் சேர்ந்து துருக்கி மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த நாவல் அது. பெயர் ‘கப்பல் தெரியும் ஜன்னல்’.

கதையில் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. கடலோர நகரம் ஒன்றில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற ஓர் அப்பா. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிறவர் போலவே கிளம்பி, வீடு திரும்பாமல் போய்விடுகிறார். அம்மா தையல் வேலை செய்து மகளை வளர்க்கிறாள். பல வருஷம் கழித்து, அம்மாவும் இல்லாமல் போன பிறகு, கிழவராகி வந்து கதவைத் தட்டுகிறார் அப்பா. மகள் திறக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு தட்டை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது.

அந்தத் தட்டுதான் வினை. “தட்டை மேஜையிலா வைத்தாள், தலையில் போடாமல்?” என்று ஒரு வாசகி இணையத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே ஒருவர், தான் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தன் அண்ணனுக்கு போன் போட்டதாகவும், நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ‘யார் பேசறது?’ என்று கேட்டதாகவும் எழுதியிருந்தார். ஒரு பேராசிரியர் ‘மன்னிப்பின் மகத்தான மௌனம்’ என்று நீட்டி முழக்கினார். இன்னொருவர் பதிப்பகத்துக்கே போன் செய்து, கடைசியில் ஏதாவது பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று விசாரித்தார். இந்த ஆளை நினைத்துப் பதிப்பகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியவளுக்கு இந்தத் திட்டெல்லாம் உறைக்கவில்லை. அவள் பிழைப்பு அப்படி. மாத்திரைப் பெட்டிக்குள் பொடிப்பொடி எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதை மொழிபெயர்க்கிற வேலை அவளுக்கு. ஒரே மாத்திரை ஒருவருக்குத் தலைவலியைப் போக்கும், இன்னொருவருக்குத் தோலெல்லாம் தடிக்க வைக்கும். இரண்டையும் எழுதுவாள். தடித்தவர்மேல் அவளுக்கு வருத்தமும் இல்லை, தேறியவரைக் கண்டு பெருமையும் இல்லை. ஆனால் ஏன் இவருக்கு மட்டும் தடித்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சகோதரிகளுக்குத் துருக்கி மொழி எப்படி வந்தது என்றால், அப்பா வழியாக. சிறுவயதில் அவர் வேலைக்காகக் குடும்பமே அந்த நாட்டில் சில வருஷங்கள் இருந்தது. கம்பள ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர் அவர். ஊர் திரும்பிய பிறகும் அக்காவும் தங்கையும் அந்த மொழியை விடவில்லை. சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றிப் புறம் பேச அதைவிட வசதியான மொழி கிடையாது. மறுவருஷம் பழைய முதலாளி கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பவும் கிளம்பினார். பிறகு அவரும் வரவில்லை, அவரைப் பற்றிய பேச்சும் வீட்டில் வரவில்லை. பெரியவள் அப்போது பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குச் சரியாக வேலை செய்கிற வயது. சின்னவள் நான்காவது படித்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக் கதையைத்தானே மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றாமலா இருக்கும். ஆனால் அதைப் பற்றி இருவரும் மூச்சு விட்டதில்லை.

முதல் அத்தியாயத்தைச் சேர்ந்து உட்கார்ந்து செய்து பார்த்தார்கள். ஒரு பத்தி தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டார். அதனால் ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அக்காவுக்கு, இரட்டைப்படை தங்கைக்கு. உன் அத்தியாயத்தில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன், என் அத்தியாயத்தில் நீ நுழைக்காதே. சாயங்காலம் போனில் பொதுவான சொற்களை மட்டும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். படகுத்துறைக்கு என்ன போட்டாய், அந்தத் தையல்காரச் சிநேகிதியின் பட்டப்பெயரை என்ன செய்தாய். அதில் ஆரம்பிக்கிற பேச்சு மெல்ல மெல்ல முழங்கால் வலி, மாடியில் ஒழுகுகிற தொட்டி, தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த கிறுக்குப்பிடித்த வாடிக்கையாளர் என்று நீளும். போன் சூடாகிவிடும்.

பெரியவளுக்கு வேண்டியது இந்தச் சாயங்காலங்கள்தான். அம்மா போன பிறகு இருவருக்கும் நடுவில் பேச விஷயமே இல்லாமல் போயிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தாலாவது பேச ஏதாவது இருந்திருக்கும். நாவல் வந்து அவர்களைக் கோர்த்தது. நாவல் முடிந்ததும் போன் மறுபடி வாயை மூடிக்கொண்டது. அதே எழுத்தாளரின் அடுத்த நாவல் வந்தால்தான் தங்கை திரும்பக் கிடைப்பாள் என்பது பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பதிப்பாளரோ பிடி கொடுக்காமல் பேசினார்.

“அந்த அம்மாவோட அடுத்த புத்தகத்தையும் போடணும்னு ஆசைதான். ஆனா பாதிப் பேர் கடைசிப் பக்கத்தைத் திட்டறாங்களேம்மா. பார்க்கலாம்.”

பதிப்பாளர் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கமாட்டார் என்று பொருள். அந்த மொழியும் பெரியவளுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரின் வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. சகோதரிகள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்னவள் கடையை மூட முடியாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கடை எப்போதும் மூடித்தான் இருக்கும் என்பதைப் பெரியவள் நினைவுபடுத்தவில்லை. தனியாகப் போனாள்.

வட்டம் கூடுவது டாக்டருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில். சுவரில் ஒரு கடைவாய்ப்பல் குறுக்கே வெட்டப்பட்டு உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கிராம்பு எண்ணெய் வாடை. இந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதையைச் சொல்லிவிட்டுத்தான் கருத்தைச் சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு புத்தகத்துக்காக அடிதடி அளவுக்குப் போய், கடைசியில் பார்த்தால் சண்டை போட்டதில் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தையே படிக்கவில்லை. அன்றிலிருந்து, யார் எந்தப் புத்தகத்தைத் திட்டினாலும் பாராட்டினாலும், முதலில் வட்டத்தைச் சுற்றி ஆளுக்குக் கொஞ்சமாகக் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கவேண்டும். நல்ல வழக்கம். நம் வீட்டுச் சண்டைகளுக்கும் இதை வைத்தால் பாதி தீர்ந்துவிடும்.

பல் டாக்டர் ஆரம்பித்து வைத்தார். அப்பா வேலைக்குக் கிளம்பிய காலையை, அவர் செருப்பு மாட்டியதிலிருந்து சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வட்டத்தில் ‘முன்னுரை’ என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னொரு காலத்தில் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு வந்து மணிக்கணக்கில் பேசுவாராம். இப்போது புத்தகம் முழுவதும் படிக்கிறார், பெயர்தான் மாறவில்லை. அம்மா தையல் மெஷினை விற்க மறுத்த இடம்வரை அவர் சொன்னார். சொல்லும்போதே அப்பாவை நாலு வார்த்தை திட்டப்போக, “கருத்து அப்புறம்” என்று டாக்டர் அடக்கினார். அடுத்தவர் கணக்கு டீச்சர். அவர் தமிழ்ப் புத்தகம் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் வாங்கிப் படித்துவிட்டவர். அந்தப் புத்தகத்தைத்தான் மடியில் வைத்திருந்தார்.

“பொண்ணு ஸ்கூல்ல யாரோடயும் பேசமாட்டேங்கறா. ஒரே ஒரு ஃப்ரெண்டு. அப்புறம் ஒருநாள் அப்பா ஸ்கூல் வாசலுக்கு வர்றார் இல்லையா...”

“எந்த அப்பா?” என்றார் முன்னுரை.

“இவளோட அப்பாதான். இந்தக் கதையில வேற எத்தனை அப்பா இருக்காங்க?”

“அவர்தான் போயிட்டாரே மேடம்.”

“போனவர்தான் வர்றார். ஸ்கூலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிக்கிறார். கையில ஒரு பேப்பர் பை. இவ பார்த்துடறா, ஆனா பார்க்காத மாதிரி போயிடறா. கேட்டைப் பூட்டற வரைக்கும் அவர் அங்கேயே நிக்கிறார். எனக்கு அவர் மேல இருந்த கோபம் பாதி அங்கதான் போச்சு. கடைசில தட்டு வைக்கிறா இல்லையா, அன்னைக்கு நிக்காம போனதுக்குத்தான் வைக்கிறா.”

வட்டம் முழுக்கப் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. முன்னுரை தன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தார்.

“என் புத்தகத்துல அவர் வரவே இல்லையே,” என்றார். ஏதோ தன்னை மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டது போன்ற குரல்.

வருவாரே, பத்தாவது அத்தியாயத்தில் என்று பெரியவளுக்கு நுனிநாக்குவரை வந்துவிட்டது. தன் பிரதியைத் திறந்தாள். பத்தாவது அத்தியாயம். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. அடுத்த வரியில் மகள் வீட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். நடுவில் எதுவும் இல்லை. பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. அச்சுக்குப் போகும் முன் முழுப் புத்தகத்தையும் அவள் ஒரு தடவை படித்தவள்தான். மூலத்தில் அந்தக் காட்சி அவளுக்கு மனப்பாடம். அதனால், தாளில் இல்லாததையும் அவள் கண் தானாகவே படித்துக்கொண்டு போயிருக்கிறது. ‘மருத்துவரை அணுகவும்’ என்ற வரி விட்டுப்போனால் கையெழுத்துப் போட மறுக்கிறவள் அவள்.

“இங்கிலீஷ்காரங்க சேர்த்துட்டாங்களோ?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர். மூலத்துல இருக்கு. நாங்கதான் விட்டிருக்கோம்.”

“அந்த அத்தியாயம் உங்களோடதா, தங்கச்சியோடதா?”

கேள்வியில் விஷம் இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்டதுதான். பெரியவள் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

“அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்கு. அதனால ரெண்டு பேரோடதும்தான். பதிப்பாளர்கிட்ட நானே சொல்லிடறேன். அதுக்கு முன்னால வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.”

யாரும் அவளை மேற்கொண்டு குடையவில்லை. டீச்சர் ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். கேட்டு முடித்ததும் முன்னுரை, அப்பாவைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால் பல் டாக்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். “எனக்கு இது இல்லாமதான் பிடிச்சிருக்கு. ஒரு காரணமும் இல்லாம அவ தட்டு வச்சா. அதுதான் பெரிய விஷயமா தெரிஞ்சது. இப்ப என்னடான்னா பழைய பாக்கியைத் தீர்த்த மாதிரி ஆயிடுச்சு.” இதற்கு டீச்சர் விடுவாரா. வட்டம் மறுபடி இரண்டாகப் பிரிந்து, இந்த முறை ஆள் மாறி உட்கார்ந்து சண்டை போட்டது. வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பாள். அன்று அவள் மனம் முழுக்க ஒரே கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தெரியாமல் பக்கம் தாண்டிப்போயிருந்தால் அந்த இடம் பிய்ந்த மாதிரி இருக்கும். முன் வாக்கியம் தொங்கும், பின் வாக்கியம் தலை இல்லாமல் நிற்கும். இங்கே அப்படி இல்லை. மணி அடித்த வாக்கியத்தைக் கொஞ்சம் சுருக்கி, வீட்டுக் காட்சியின் தொடக்கத்தில் ‘அன்று மாலை’ என்று இரண்டு சொல் சேர்த்து, இழை தெரியாமல் இழுத்துத் தைத்திருந்தது. தங்கைக்கு அவ்வளவு நல்ல கை என்று பெரியவளுக்கு அதுவரை தெரியாது. கோபம் வரவேண்டிய இடம். வந்தது என்னவோ பயம்தான். கேட்டால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அடுத்த புத்தகமும் போய், ஆளும் போய்விட்டால்? ஆனால் கேட்காமல் இருக்கவும் அவளால் முடியாது.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு தங்கையின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். நீளமான, ஒடுங்கிய கடை. இரண்டு சுவரிலும் முகம் இல்லாத ஃப்ரேம்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு மறைப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின். சின்னவள் ஒருவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பார்வையில் கோளாறு இல்லை, எழுத்தைத்தான் சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தார். அவரை ஒருவழியாகச் சமாளித்து அனுப்பிவிட்டு, அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.

“என்னக்கா, வேலை நாள்ல.”

“பத்தாவது அத்தியாயம்.”

சின்னவள் மேஜையில் கிடந்த ஃப்ரேமை எடுத்து ஸ்க்ரூ முறுக்க ஆரம்பித்தாள். “என்ன அதுல?”

“ஸ்கூல் வாசல்.”

“விட்டுப்போயிருக்கும்.”

“தரையில விழுந்த கடுகளவு ஸ்க்ரூவைத் தடவியே எடுக்கிறவ நீ. உனக்கு ரெண்டு பக்கம் விட்டுப்போச்சா?”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னால் வருகிற சத்தம், யாரோ ‘வரலாம், வரலாம்’ என்று கத்துகிற சத்தம்.

“வேணும்னுதான் விட்டேன்.”

“ஏன்டி?”

“பொய் அது.” சின்னவள் நிமிர்ந்தாள். “அந்த அம்மா நல்லாத்தான் எழுதறாங்க, ஒத்துக்கறேன். தையல் மெஷினை விற்கமாட்டேங்கற இடத்துலல்லாம் எனக்கே கண்ணு கலங்குச்சு. அந்த ஒரு இடத்துல மட்டும் புளுகறாங்க. விட்டுட்டுப் போன மனுஷன் எவனும் ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கமாட்டான்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் நின்னேனே.”

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. சின்னவள் ஃப்ரேமைக் கீழே வைத்துவிட்டு, துணியை எடுத்து ஏற்கெனவே பளபளவென்றிருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தாள்.

“அப்பா திரும்பி வந்தா நேரா வீட்டுக்கு வரமாட்டார், அம்மா திட்டுவாங்கன்னு பயப்படுவார், அதனால ஸ்கூலுக்குத்தான் வருவார்னு நானே முடிவு பண்ணிட்டேன். யாரும் சொல்லலை. மணி அடிச்சதும் எல்லாரையும் கூட்டிட்டுப் போக ஆள் வருவாங்க. நான் வாட்ச்மேன் ஸ்டூல் பக்கத்துல நிப்பேன். அவர் கேட்டைப் பூட்டற வரைக்கும் நிப்பேன். நாலாவது பூரா நின்னேன். அஞ்சாவதுலயும் கொஞ்ச நாள்.”

“நீ ஓட்டப் பயிற்சின்னு சொல்லிட்டிருந்தே.”

“ஆமா. நான் ஓடி நீ எப்பவாவது பார்த்திருக்கியா?”

பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் அவள். அந்தச் சாயங்காலங்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பெரியவள் யோசித்தாள். யோசிக்கத் தேவையில்லாமல் தங்கையே சொன்னாள்.

“நீ வீட்ல ரேடியோவை சத்தமா வச்சுக் கேட்டுட்டிருப்பே. தெருமுனைக்கே கேட்கும். அவர் இருந்தப்ப அவ்வளவு சத்தமா வைக்க முடியாதுல்ல.”

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவர் இருந்த காலத்தில் வீட்டில் அவர் குரல் மட்டும்தான். போனபோது பெரியவளுக்கு மூச்சு விட முடிந்தது. அவரைத் தேடாதவளுக்கு அவர்மேல் கோபமும் இல்லை. அதனால்தான் ஒற்றைப்படை அத்தியாயங்களில் அந்த டிக்கெட் கிழிக்கிறவரை அவளால் அவ்வளவு பரிவோடு எழுத முடிந்திருக்கிறது. வாசகர்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட்டார்கள். பாசமாக இருந்தவள் இங்கே உட்கார்ந்து இரண்டு பக்கத்தை வெட்டித் தைத்திருக்கிறாள்.

“பதிப்பாளர்கிட்ட நான்தான் விட்டேன்னு சொல்லிடு,” என்றாள் சின்னவள். “அடுத்த புத்தகத்தை உனக்கு மட்டும் தரச் சொல்லு. நீதான் வரி விடாம செய்யறவ.”

“எனக்கு மட்டும் எதுக்குடி அது? சாயங்காலம் நான் யாரோட பேசறது?”

சொன்ன பிறகுதான் பெரியவளுக்கே கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் சுற்றி வளைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே. சின்னவள் துடைப்பதை நிறுத்தி அவளை ஒரு மாதிரி பார்த்தாள், எழுத்துப் பலகையில் தெரியாத வரியைப் படிக்க முயல்கிறவள் மாதிரி.

“அந்த ரெண்டு பக்கத்தை நான் பண்ணிச் சேர்த்துடறேன்,” என்று பெரியவள் அவசரமாகச் சொன்னாள். “அடுத்த பதிப்புல வந்துடும். ரெண்டு பேருமே விட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்.”

“வேண்டாம். அது என் அத்தியாயம். நீ மூக்கை நுழைக்காதே.” கையை நீட்டினாள். “புத்தகம் கொண்டுவந்திருக்கேல்ல, குடு. நான் சொல்றேன், நீ எழுது. எனக்குக் கை வராது.”

பெரியவள் பில் புத்தகத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதத் தயாரானாள். சின்னவள் துருக்கி எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிவிட்டு, லென்ஸ் அளவு சொல்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

“அவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில், மூடியிருந்த கடையின் கூரைக்கடியில் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதப் பை. போட்டாச்சா?”

“ம்.”

“மகள் அவரைப் பார்த்தாள். பார்த்ததைத் தோழியிடம் சொல்லவில்லை. நடையின் வேகத்தையும் மாற்றவில்லை.” சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். “பைத்தியக்காரி. வந்து நிக்கிற மனுஷனை விட்டுட்டுப் போறா பாரு. இதை எழுதாதே.”

“எழுதலை. சொல்லு.”

“அவர் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் நின்றுவிடுவாள் என்று பயந்தார். நின்றுவிட்டால்...” திரும்பப் படித்தாள். “நின்றுவிட்டால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.”

அடுத்த வரிக்குப் போகாமல் விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

“இந்த வரி இருக்கறதே எனக்குத் தெரியாதுக்கா. வந்து நிக்கிறார்னு பார்த்ததுமே ரெண்டு பக்கத்தையும் புரட்டிட்டேன். படிக்கலை.”

“சரி, இப்ப படிச்சிட்டேல்ல.”

“அக்கா.” சின்னவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “நான் அப்ப பஸ் வர்ற பக்கத்தையேதான் பார்த்துட்டிருப்பேன். எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்ல. ஒருவேளை அவரும் வந்து அங்க எங்கயாவது நின்னிருப்பாரோ? என்னைக் கூப்பிட பயந்துட்டு?”

வந்திருப்பார் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு சொல். சரிபார்க்க யாரும் இல்லை, அம்மாகூட இல்லை. ஆனால் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் பின்னாளில் அம்மாவிடம் வந்து, அவர் அந்த ஊரைவிட்டு ஒருநாளும் நகரவில்லை, அங்கேயே வேறு வீடு பார்த்துக்கொண்டார் என்று சொல்லியிருந்தார். சின்னவளுக்குத் தெரியவேண்டாம் என்று அம்மா பெரியவளோடு நிறுத்திக்கொண்டாள். நடந்ததை வெட்டினால் படிக்கிறவர்கள் எப்படியெல்லாம் திண்டாடுகிறார்கள் என்று பெரியவள் நேற்றுத்தான் பார்த்தாள். நடக்காததை ஒட்டவைத்தால் தங்கை இனி ஆயுசுக்கும் அந்த எதிர்ப்பக்கத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வரலை குட்டி,” என்றாள். “நான் வந்திருக்கணும்.”

சின்னவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். கடை முழுக்க அதற்கென்றே மெத்துமெத்தென்று துணிகள் கிடந்தும், துப்பட்டா முனையால்தான் துடைத்தாள். நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, அக்காவின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

“இதையும் எழுதிடாதே,” என்றாள். “இது புத்தகத்துல இல்ல.”